மதிய வகுப்பில் கண் சொருகுகிறது: காபி முதலிலா, தூக்கம் முதலிலா?

விடுதிமணி எழுதியது:

விடுதி மாணவர்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்துகொண்டிருக்கிறேன். பகல் தூக்கத்தைச் சமாளிப்பது எப்படி என்பதுதான் விஷயம். வயது 17 முதல் 22 வரை. பெரும்பாலானவர்களின் நாள் இப்படித்தான் போகிறது: இரவு 1 மணிக்குப் படுக்கை, காலை 6.30க்கு எழுவது, 9 முதல் 4 வரை வகுப்பு. 2 மணி வகுப்பில் பாதிப் பேருக்குத் தலை தொங்கிவிடுகிறது. 4.30க்கு அறைக்கு வந்ததும் ஒன்றரை மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூக்கம். எழுந்தால் தலை பாரம், எரிச்சல். காபி காலை 9, மதியம் 1, மாலை 6, இரவு 10 என்று நான்கு வேளை.

எனக்குத் தெளிவு வேண்டியவை:

1. காபி குடித்த கையோடு படுத்து 20 நிமிடத்தில் எழுந்தால் நல்லது என்கிறார்களே, அது சரியா? செய்முறை என்ன?
2. எத்தனை நிமிடத் தூக்கம் உதவும், எத்தனை நிமிடம் தாண்டினால் கெடுக்கும்? ஏன்?
3. கடைசிக் காபி எத்தனை மணிக்குள்? "ராத்திரி பத்து மணிக்குக் குடித்தாலும் எனக்குத் தூக்கம் வரும்" என்று சொல்பவர்களுக்கு என்ன பதில்?
4. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அளவு எவ்வளவு?

"எட்டு மணி நேரம் தூங்குங்கள்" என்ற வரியை மட்டும் விட்டுவிடுங்கள். அதை அவர்கள் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள்.

---

கோழித்தூக்கம் எழுதியது:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் முதல் கேள்வி தானாகப் புரியும்.

படுத்தவுடன் வருவது மேலோட்டமான தூக்கம். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "நான் தூங்கவே இல்லையே" என்று எழுந்து உட்காரும் நிலை. அதற்கடுத்த படியும் லேசானதுதான். ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடத்தில் ஆழ்ந்த தூக்கம் தொடங்கும். அதன் நடுவில் எழுப்பினால் மூளை உடனே விழிப்பதில்லை. கண் திறந்திருக்கும், கணக்கு ஓடாது. இந்த மந்தம் வழக்கமாக 15 நிமிடத்திலிருந்து அரை மணி வரை நீடிக்கும், சிலருக்கு ஒரு மணி நேரம்கூட. உங்கள் மாணவர்கள் 6 மணிக்கு எழுந்து எரிந்து விழுவது இதனால்தான்.

ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் புரூக்ஸ், லாக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு அப்படியே பொருந்தும். முந்தைய இரவு 5 மணி நேரம் மட்டும் தூங்கியவர்களை மதியத்தில் 5, 10, 20, 30 நிமிடம் என்று வெவ்வேறு அளவு தூங்கவிட்டுச் சோதித்தார்கள். 5 நிமிடத்தில் பெரிய பலன் இல்லை. 10 நிமிடம் தூங்கியவர்கள் எழுந்த உடனேயே சுறுசுறுப்பாக இருந்தார்கள், பலன் இரண்டரை மணி நேரம் வரை நின்றது. 20 நிமிடத்தில் பலன் வர அரை மணிக்குமேல் ஆனது. 30 நிமிடம் தூங்கியவர்கள் முதலில் மந்தமாகிப் பிறகுதான் தேறினார்கள்.

கவனிக்க வேண்டியது: இது தூங்கிய நேரக் கணக்கு, படுத்த நேரக் கணக்கு அல்ல. படுத்துத் தூக்கம் பிடிக்க 5 முதல் 8 நிமிடம் ஆகும் என்றால் அலாரம் 18 முதல் 20 நிமிடத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, இரவுத் தூக்கம் மிகக் குறைந்தவர்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குள் சீக்கிரம் இறங்கிவிடுவார்கள். முந்தைய இரவு மூன்று நான்கு மணி நேரம் மட்டும் தூங்கியவருக்கு 15 நிமிட அலாரம் போதும்.

இப்போது காபித் தூக்கம். குடித்த காஃபின் குடலிலிருந்து ரத்தத்தில் ஏறி மூளையில் வேலையைத் தொடங்க 20 நிமிடம் போல ஆகும், உச்சத்துக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம். அந்த இடைவெளி சும்மா கிடக்கிறது. அதில் தூங்கி எழுந்தால், எழும்போது காஃபினும் வந்து சேர்ந்திருக்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். மூளைச் செல்களில் அதற்கென்று உள்ள இடங்களில், அதாவது ஏற்பிகளில், அது போய் உட்காரும்போதுதான் தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது. காஃபின் அதே இடத்தில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். அது அடினோசினை அழிப்பதில்லை. அதைக் குறைப்பது தூக்கம்.

செய்முறை, 2 மணி வகுப்பு என்ற கணக்கில்:

1.05க்குக் காபி. ஒரே மூச்சில் குடிக்கும் சூட்டில் இருக்க வேண்டும். ஆவி பறக்கும் காபியை ஊதி ஊதிப் பதினைந்து நிமிடம் குடித்தால் திட்டம் அங்கேயே கெட்டது. இளஞ்சூடு அல்லது குளிர்ந்த காபி உத்தமம். 1.10க்குப் படுக்கை, கைபேசி கைக்கு எட்டாத தூரத்தில், கண்மேல் துணி. 1.30க்கு அலாரம். எழுந்ததும் முகம் கழுவி, வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் நடை. 2 மணிக்கு வகுப்பு.

தூக்கமே வரவில்லையா, பரவாயில்லை. 1990களில் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஹார்னும் ரெய்னரும் தூக்கக் கலக்கத்தில் இருந்த ஓட்டுநர்களைப் பாவனை வண்டியில் உட்காரவைத்துச் சோதித்தபோது, முழுதாகத் தூங்காமல் கண்ணயர்ந்து கிடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது.

---

மாத்திரைப்பெட்டி எழுதியது:

3, 4 கேள்விகள் என் பக்கம்.

நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களின் உடம்பில் காஃபின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது ஒன்றரை மணி முதல் ஒன்பது மணி வரை மாறும். கல்லீரலில் அதை உடைக்கும் நொதியின் வேகம் பிறப்பிலேயே வேறு வேறு. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை சாப்பிடும் நாட்களிலும் காஃபின் உடம்பை விட்டுப் போகத் தாமதமாகும், வழக்கமான இரண்டு காபியே படபடப்பைக் கொடுக்கும். புகை பிடிப்பவர்களுக்கு நேர்மாறாக வேகமாக வெளியேறும். அதனால்தான் புகையை நிறுத்தியவர்கள் பழைய அளவு காபியைக் குடித்துவிட்டு இரவெல்லாம் புரள்கிறார்கள்.

உங்கள் நான்கு குவளைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குவளைக்கு 90 மி.கி., 5 மணிக்கு ஒருமுறை பாதி. இரவு 1 மணிக்குப் படுக்கும்போது உடம்பில் மிச்சம்: காலைக் காபியில் 10, மதியக் காபியில் 17, மாலைக் காபியில் 34, பத்து மணிக் காபியில் 59. மொத்தம் 120 மி.கி. அதாவது ஒரு குவளைக்கும் மேலே வயிற்றில் வைத்துக்கொண்டு படுக்கிறார்கள். பத்து மணிக் காபியை மட்டும் நிறுத்தினால் 61. மாலைக் காபியையும் நிறுத்தினால் 27.

"எனக்குத் தூக்கம் வரும்" என்பவர் பொய் சொல்லவில்லை. தூக்கம் வருகிறது, ஆனால் ஆழம் குறைகிறது, நடுவில் விழிப்புகள் கூடுகின்றன, அது காலையில் அவருக்கு நினைவிருப்பதில்லை. டிரேக்கும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு எடுத்த 400 மி.கி. காஃபின்கூட மொத்தத் தூக்கத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்தது. 400 பெரிய அளவு என்பது உண்மைதான். ஆனால் மேலே போட்ட கணக்கின்படி இவர்கள் நாளொன்றுக்குக் குடிப்பது 360. 2015இல் வந்த இன்னொரு ஆய்வில், படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பு குடித்த இரட்டை எஸ்பிரெஸோ அளவு காஃபின் உடல் கடிகாரத்தையே ஏறத்தாழ 40 நிமிடம் பின்னுக்குத் தள்ளியது. இளவயதில் உடல் கடிகாரம் ஏற்கெனவே பின்தங்கித்தான் ஓடும். அதற்குமேல் இது வேறு.

குறிப்பில் இப்படி எழுதுங்கள்: படுக்கும் நேரத்திலிருந்து 8 மணி நேரம் முன்பு கடைசிக் காபி. 11.30க்குப் படுப்பவருக்கு மதியம் 3.30.

அளவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது: பெரியவர்களுக்கு ஒரே வேளையில் 200 மி.கி., நாளுக்கு 400 மி.கி. வரை கவலை இல்லை. கர்ப்பிணிகளுக்கு நாளுக்கே 200. பதின்வயதினருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி., அதுவும் நாள் முழுவதற்கும். 50 கிலோ எடையுள்ள 17 வயதுப் பிள்ளைக்கு 150 மி.கி. என்றால் ஒன்றரைக் குவளை. உங்கள் விடுதியில் அந்த வயதுக்காரர்கள் நான்கு குவளை குடித்தால் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டார்கள்.

எதில் எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். உடனடிக் காபித்தூள் ஒரு சமத் தேக்கரண்டி, அதாவது 2 கிராம், ஏறத்தாழ 60 மி.கி. வடித்த காபி 240 மி.லி.யில் ஏறத்தாழ 95. எஸ்பிரெஸோ ஒரு ஷாட் 60 சொச்சம். கறுப்புத் தேநீர் ஒரு குவளை 40 முதல் 50. கோலா 355 மி.லி. டப்பாவில் 35 போல. எனர்ஜி பானம் 250 மி.லி.க்கு 80, அரை லிட்டர் டப்பா என்றால் 160. வடித்த காபியில் கொட்டையின் வகை முக்கியம்: ரோபஸ்டாவில் அராபிகாவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு காஃபின். ஒரே குவளை, ஒரே நிறம், ஆனால் ஒன்றில் 90, இன்னொன்றில் 170 இருக்கலாம். பொடி மாற்றிய வாரத்தில் கை நடுங்கினால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

காபித் தூக்கத்துக்கு 100 முதல் 150 மி.கி. போதும். உடனடிக் காபியில் இரண்டு சமத் தேக்கரண்டி. 18 வயதுக்குக் கீழே ஒரு தேக்கரண்டி.

மாத்திரையாக வரும் காஃபின் 100 அல்லது 200 மி.கி. இருக்கும், அதை எண்ணவாவது முடியும். தூளாக விற்கும் சுத்தக் காஃபினை விடுதிக்குள் விடாதீர்கள். ஒரு தேக்கரண்டித் தூள் 3,200 மி.கி. அளவுக்கு வரும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. அது உயிரைப் பறிக்கும் அளவு. சமையல் கரண்டியால் அளக்கும் பொருளே அல்ல அது.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

மேலே இருவர் சொன்னதிலும் தவறில்லை. ஆனால் இந்தக் குறிப்பைப் படிக்கும் மாணவன் காபித் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வான், மற்றதைக் கழித்துவிடுவான். அது ஒரு மதியத்தைக் காப்பாற்றும் வித்தை. லஃப்பரோ ஆய்வுகள் மிகச் சில பேரை வைத்து, சலிப்பூட்டும் சாலை ஓட்டத்தில் செய்தவை. அதிலிருந்து "படித்தது மண்டையில் ஏறும்" என்று தாவக் கூடாது.

உண்மையான சுழல் வேறிடத்தில் இருக்கிறது. மாலை 4.30 முதல் 6 வரை தூங்குகிறார்கள். அதனால் இரவு 12 மணிக்குத் தூக்கம் வருவதில்லை. வராத தூக்கத்தைப் படிப்பதற்குப் பயன்படுத்தலாம் என்று பத்து மணிக்குக் காபி. 1 மணிக்குப் படுத்து 6.30க்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம். மறுநாள் மதியம் தலை தொங்குகிறது. அறைக்கு வந்ததும் மறுபடியும் ஒன்றரை மணி நேரம். இதில் எந்தக் கண்ணியை அறுப்பது என்பதே கேள்வி.

என் கணக்கில் முதலில் அறுக்க வேண்டியது மாலைத் தூக்கம். காபியைவிட அதுதான் படுக்கும் நேரத்தைத் தள்ளுகிறது. அதை மதிய இடைவேளைக்கு நகர்த்துங்கள், 20 நிமிடமாகச் சுருக்குங்கள். 3 மணிக்குப் பிறகு தூக்கம் இல்லை. முதல் மூன்று நான்கு நாள் மாலை 5 மணிக்குக் கண் எரியும். அப்போது படுக்கை இருக்கும் அறைக்குள் போகாமல் வெளியே நடந்தால் ஏழு மணிக்குள் அது தானாக விலகும். உடல் கடிகாரம் மாலையில் விழிப்பை ஏற்றித் தரும். அன்றிரவு தூக்கம் 11.30க்கே வரும்.

அடுத்து பத்து மணிக் காபி, அதற்கடுத்து ஆறு மணிக் காபி. இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி பிடிக்கும். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் நாள் உச்சமாகி, ஒரு வாரம்கூட இழுக்கலாம். தேர்வுக்கு முந்தைய வாரம் இதைத் தொடங்குபவன் "காபி இல்லாமல் எனக்கு ஓடாது" என்று முடிவுகட்டிவிடுவான். மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு குறைத்தால் தலைவலி இல்லாமல் இறங்கலாம்.

இன்னொன்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டிங்கஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு. தொடர்ந்து 14 நாள் 6 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டவர்களின் கவனத்திறன், ஒரு இரவு முழுக்கக் கண் விழித்தவர்களின் அளவுக்கு இறங்கியது. ஆனால் "எவ்வளவு தூக்கம் வருகிறது" என்று கேட்டால் கொஞ்சம்தான் என்றார்கள். "எனக்கு ஐந்தரை மணி நேரம் போதும், பழகிவிட்டது" என்று மாணவன் சொன்னால், பழகியது அந்த உணர்வு மட்டும்தான். தூக்கப் பாக்கி அப்படியே ஏறிக்கொண்டிருக்கிறது. எட்டு மணி நேரம் என்ற வரி வேண்டாம் என்றீர்கள், சரி. ஐந்தரையை ஆறேமுக்கால் ஆக்குவது எப்படி என்றாவது குறிப்பில் இருக்கட்டும். மேலே சொன்ன மூன்று மாற்றமும் அதைத்தான் செய்கின்றன.

---

விடுதிமணி எழுதியது:

நன்றி, மூவருக்கும். வரிசையை மாற்றிவிட்டேன்: மாலைத் தூக்கம், பத்து மணிக் காபி, பிறகு மதியக் காபித் தூக்கம்.

இரண்டு சந்தேகம். மதியத்தில் அறைக்குப் போய்வர நேரமில்லாதவர்கள் மேசையிலேயே தலை வைத்துத் தூங்கலாமா? தேர்வுக்கு முந்தைய இரவு படித்தே ஆக வேண்டும் என்பவருக்கு என்ன சொல்வது? "செய்யாதே" என்றால் கேட்க மாட்டார்கள்.

---

கோழித்தூக்கம் எழுதியது:

மேசையில் தூங்கலாம். படுக்கையில் கிடைக்கும் அளவு கிடைக்காது, ஆனால் 10 நிமிடத்துக்கு அது போதும். ஆழத்துக்கு இறங்குவது கடினம் என்பது இங்கே வசதிதான். செய்யக்கூடாதது, மடித்த கையின்மேல் நெற்றியை வைத்து அழுத்துவது. முன்கை நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகும், எழுந்தபின் பேனா பிடிக்கக்கூட முடியாது. பையையோ மடித்த துண்டையோ மேசையில் வைத்து அதன்மேல் கன்னம், கைகள் மடியில். சுவரோரம் நாற்காலி கிடைத்தால் பின்னால் சாய்ந்து, கழுத்துக்குச் சுருட்டிய துணி.

தேர்வுக்கு முந்தைய இரவு. முழு இரவும் விழிப்பதைவிட, 90 நிமிடமாவது தூங்குவது மேல். ஒரு தூக்கச் சுற்று ஏறத்தாழ அவ்வளவு நீளம். ஆழ்ந்த பகுதியைக் கடந்து மேலே வரும் நேரத்தில் எழுப்பினால் மந்தம் குறைவு. 40, 50 நிமிடம்தான் மோசமான இடம், சரியாக ஆழத்தின் நடுவில் வெட்டும். தூங்குவதை விடியற்காலை 4 மணிக்குத் தள்ளாமல் முன்னதாகவே தூங்கிவிட வேண்டும். 4 மணிக்குப் படுத்தவனை 5.30க்கு எழுப்ப அலாரம் போதாது, ஆள் வேண்டும்.

அந்த இரவில் காபியைப் பெரிய குவளையாகக் குடிக்காமல் சிறுகச் சிறுகக் குடிப்பது நல்லது. 2004இல் ஹார்வர்டில் செய்த ஆய்வில் கிலோவுக்கு 0.3 மி.கி. வீதம் மணிக்கொரு முறை கொடுத்துப் பார்த்தார்கள், நீண்ட விழிப்பில் அது கைகொடுத்தது. 60 கிலோ ஆளுக்கு 18 மி.கி., அதாவது அரைக் குவளைத் தேநீருக்கும் குறைவு. நாளின் மொத்த வரம்பு அப்போதும் அதே வரம்புதான்.

காலையில் தேர்வுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம் என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் ஏற்படும் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பதற்கு இணை என்று 1997லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். 24 மணி நேரமானால் 0.1 சதவீதம்.

---

ஸ்டெதாஸ்கோப் எழுதியது:

ஒன்று விடுபட்டிருக்கிறது. யாருக்குக் காபியும் குட்டித் தூக்கமும் பதில் அல்ல என்பது.

எப்வொர்த் தூக்கக் கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் மர்ரே ஜான்ஸ் 1991இல் உருவாக்கியது. உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது என்று எட்டுச் சூழல்கள். ஒவ்வொன்றிலும் கண்ணயர வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24க்கு 10ஐத் தாண்டினால் தூக்கம் அதிகம். இரண்டு வாரம் ஏழெட்டு மணி நேரம் தூங்கிய பிறகும் 10ஐத் தாண்டுபவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உரத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, காலையில் தலைவலி இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து விழப்போவது, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவது இருந்தால் நார்கோலெப்ஸி (பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நரம்பு நோய்) சந்தேகம், தூக்க ஆய்வகச் சோதனை தேவை.

இவற்றைவிட அடிக்கடி கண்ணில் படுவது இரண்டு. ஒன்று, சளிக்கும் அரிப்புக்கும் தாமாக வாங்கிச் சாப்பிடும் ஒவ்வாமை மாத்திரை. குளோர்ஃபெனிரமின் கலந்த சளி மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டு மதியம் தூக்கம் வருகிறது என்பார்கள். மற்றது இரும்புச் சத்துக் குறைவு, குறிப்பாகப் பெண்களிடம். சாப்பாட்டோடு காபியோ தேநீரோ குடித்தால் உணவிலுள்ள இரும்பு சரியாக உடலில் சேராது. அசதிக்காகக் குடிக்கும் காபியே அசதியைக் கூட்டும். சாப்பாட்டுக்கும் காபிக்கும் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும்.

அந்த இடைவெளியை வைத்துப் பார்த்தால் உங்கள் 1.05 காபி சாப்பாட்டுக்கு மிக அருகில் விழுகிறது. ரத்தசோகை உள்ளவர்கள் அந்தக் காபியை விட்டுவிட்டு வெறும் 10 நிமிடத் தூக்கத்தை எடுத்துக்கொள்ளட்டும். குறிப்பில் அவர்களுக்கென்று தனி வரி போடுங்கள்.

---

மாத்திரைப்பெட்டி எழுதியது:

ஸ்டெதாஸ்கோப் சொன்னது சரி. இரும்பு மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே விதிதான்: மாத்திரையைக் காபி, தேநீரோடு சேர்த்து விழுங்கக் கூடாது, ஒன்று இரண்டு மணி நேரம் தள்ளி, தண்ணீரோடு.

குறிப்பில் "காஃபின் நீக்கிய காபி எப்போது வேண்டுமானாலும்" என்று எழுதிவிடாதீர்கள். அதிலும் குவளைக்கு 2 முதல் 15 மி.கி. இருக்கும். பத்து மணிக்கு ஒன்று குடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, மூன்று குடிப்பவர் அரைக் குவளைத் தேநீர் குடித்த கணக்கில் வருவார்.